புல் மாட்டுக்கு மட்டும்தானா?

ஆமைக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டால், முத்தையாபுரத்திலும் சரி, தூத்துக்குடி டவுனிலும் சரி, பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: முட்டைக்கோஸ், தக்காளி, வெள்ளரிக்காய், மீந்துபோன கீரை. புல் போடலாமே என்றால், "அது மாட்டுக்குங்க. அதுல என்ன சத்து இருக்கு? இந்த உப்பு மண்ணுல புல் எங்க வருது?" என்கிறார்கள். இந்தப் பேச்சில் ஒன்றுகூடச் சரியில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது சல்கேட்டா என்னும் ஆப்பிரிக்கத் தரை ஆமையைப் பற்றி. நம் முள்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை வீட்டில் வைக்கவே கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நல்ல தீனி போட்டுத்தான் வளர்க்கிறேன் என்பது அங்கே எடுபடாது. சல்கேட்டாவையும் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

இனி சத்துக்கு வருவோம். சல்கேட்டாவின் பூர்வீகம் சகாரா பாலைக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளி. காய்ந்த புல்லைத் தின்றே அங்கே அது 40, 50 கிலோ எடைக்கு வளர்கிறது. நாரைச் செரிக்க வைப்பவை அதன் பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவை பொறுமையாக வேலை செய்பவை. தின்றது வெளியே வர நாட்கணக்கில் ஆகும், சிலசமயம் வாரக்கணக்கிலும் ஆகும். பழங்களின் சர்க்கரை இந்த ஏற்பாட்டையே குலைக்கிறது. எச்சத்தைப் பார்த்தாலே போதும்: புல் தின்னும் ஆமையின் எச்சம் கெட்டியாக, நார் நாராகத் தெரியும். தக்காளியிலேயே வளரும் ஆமைக்கு அது கொழகொழவென்று ஆகி நாறும். தக்காளியில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ்தான் அதிகம். பாலக் கீரையின் ஆக்சலேட்டோ இருக்கிற சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாது. ஓடே எலும்பால் ஆன ஒரு உயிருக்கு இதைவிடக் கெடுதலான தீனி வேண்டுமா?

புல்லை ஆதரிப்பவர்களும் ஒரு இடத்தில் மிகைப்படுத்துகிறார்கள். புல் போட்டால் ஓடு மேடு மேடாக எழும்பாது என்பார்கள். வீஸ்னர், ஈபென் என்ற ஆய்வாளர்கள் சல்கேட்டா குஞ்சுகளை வளர்த்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், தீனியிலுள்ள புரதத்தைவிடக் காற்றில் ஈரப்பதம் குறைவதே ஓடு அப்படி எழும்புவதற்குப் பெரிய காரணம் என்று தெரிந்தது. ஏசி அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துவிட்டுத் தீனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

உப்பு மண்ணில் புல் வராது என்ற பேச்சுதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் முயற்சியே செய்வதில்லை. உப்பளக் கரையில் உமரி மட்டுமே நிற்பது உண்மை. வீட்டு மனை உப்பளம் அல்லவே. மண்ணின் உப்பு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அருகம்புல் ஏறக்குறைய 7 வரை அசையாமல் நிற்கும். பழைய மீன் பெட்டியின் அடியில் நாலு துளை போட்டு, தேரி மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பி, கணுவோடு கிள்ளிய அருகந்தண்டை விரலிடை விட்டு ஊன்றுங்கள். போர்த் தண்ணீர் கரித்தால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை ஊற்றி உப்பை அடியோடு கழுவிவிடுங்கள். ஒரு பெட்டியை ஆமை மேயும்போது இன்னொன்று தழைக்கட்டும். குஞ்சுக்கு இது போதும். வளர்ந்த ஆமைக்குப் பெட்டி எந்த மூலைக்கு? கொல்லையில் பாத்தி கட்டி, அருகோடு கொழுக்கட்டைப்புல்லும் கலந்து போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்வதை அறுத்து நிழலில் உலர்த்தினால் கோடைக்கு ஆகும்.

ரோட்டோரப் புல்லைப் பறித்துப் போடுவது வேறு விஷயம். களைக்கொல்லி, வண்டிப் புகை, நாய் மூத்திரம் எல்லாம் அதில் இருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, "எங்க ஆமை புல்லைத் தொடவே மாட்டேங்குது" என்பார்கள். இனிப்புக்குப் பழக்கியது நாம்தானே. புல்லைப் பொடியாக நறுக்கி, அது விரும்பும் கீரையோடு பிசிறிக் கொடுங்கள். வாராவாரம் கீரையைக் குறையுங்கள். தக்காளியை முதல் நாளே நிறுத்துங்கள். பழகிவிட்டால் அது கழுத்தை நீட்டி ஒரு கொத்தைக் கவ்வி, தலையைப் பின்னுக்கிழுத்துப் பிய்த்துத் தின்னத் தொடங்கும். அதன் பிறகு நறுக்கிப் போட வேண்டியதில்லை, பெட்டியை அப்படியே முன்னால் வைத்துவிடலாம்.