பார்வையாளர் விசா

திருநெல்வேலிப் பெண்கள் லண்டன் போவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாளையங்கோட்டை மகாராஜ நகரிலும் பெருமாள்புரத்திலும் லண்டன் போய்வந்த அம்மாக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 55 வயதில், 60 வயதில் போகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் விமானம். மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம். பிரிட்டன் அரசு அவர்களுக்குக் கொடுக்கும் அனுமதியின் பெயர் விசிட்டர் விசா. 6 மாதம் வரை தங்கலாம். தமிழில் சொன்னால், பார்வையாளர்.

அந்தப் பார்வையாளர்கள் பார்த்தது என்ன?

அடுக்களையை. குழந்தையின் தொட்டிலை. ஜன்னலுக்கு வெளியே மழையை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய பிக் பென்னை, அதுவும் இறங்கிப் படம் எடுக்கிற நேரத்துக்கு. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலை. திருச்செந்தூரில் பார்க்காத முருகனையா அங்கே பார்த்தார்கள்?

புறப்படும்போதே அவர்களுடைய பெட்டி உண்மையைச் சொல்லிவிடும். பேறுகால மருந்து, சுக்கு, வசம்பு, பெருங்காயம், இட்லிப் பொடி, வத்தல், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி, மருமகனுக்கு அல்வா. தனக்கென்று நாலு சேலை, ஒரு ஸ்வெட்டர். நடப்பதற்கு ஏற்ற செருப்பு கிடையாது. ஊரின் வரைபடம் கிடையாது. கையில் ஒரு பவுண்டு கிடையாது. பெட்டி எடையில் ஒவ்வொரு கிலோவும் பிறருக்கு. சுற்றுலா போகிறவள் கட்டுகிற பெட்டியா இது? வேலைக்குப் போகிறவள் கட்டுகிற பெட்டி.

அதே வீட்டு அப்பாவும் அதே விசாவில் கூடப் போகிறார். அவர் காலையில் பூங்காவில் நடக்கிறார். பேருந்து எண்களை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறார். டவர் பிரிட்ஜ், கிரீனிச் என்று தனியாகவே போய்வருகிறார். திரும்பி வந்ததும் தெருவில் லண்டனைப் பற்றிப் பேசுகிறவர் அவர்தான். ‘அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை’ என்பார். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பால் காய்ச்சி, குளிப்பாட்டி, சமைத்து, துவைத்து முடித்தவளுக்கு ஆர்வம் எங்கிருந்து வரும் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

‘இது அன்பு, இதைப் போய் உழைப்பு என்று கணக்குப் பார்க்கலாமா’ என்பார்கள். கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பிரிட்டனில் குழந்தை பிறந்தால் தந்தைக்குச் சட்டப்படியான விடுப்பு 2 வாரம். குழந்தை காப்பகத்துக்கும் வீட்டு உதவிக்கும் அங்கே ஆகும் செலவு கொஞ்சமல்ல. அந்த அரசு கொடுக்காத விடுப்பையும், அந்த வீட்டு ஆண் செய்யாத வேலையையும், தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துச் சரிக்கட்டுகிறோம். சம்பளம் இல்லை. நன்றி உண்டு. அன்பு இருந்தால் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இருக்கட்டுமே. அன்பு அதனால் குறைந்துவிடுமா?

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே அம்மா, ‘யாருக்கும் பேறுகாலம் இல்லை, சும்மா பத்து நாள் லண்டனைச் சுற்றிப் பார்க்கப் போறேன்’ என்று வீட்டில் சொல்லட்டும். உடனே கேள்வி வரும்: ‘ஒத்தையிலயா? கூட யாரு வாரா?’

பேறுகாலத்துக்குப் போனபோது இந்தக் கேள்வி எங்கே இருந்தது? அப்பாவுக்கு முட்டுவலி, அவரால் வர முடியாது என்றபோது அதே அம்மாவைத் தனியாகத்தானே ஏற்றிவிட்டார்கள்? ஆங்கிலம் தெரியாதே என்று சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்து, நடுவழியில் ஏதோ ஒரு வளைகுடா நாட்டில் விமானம் மாற்றி அனுப்பினார்கள். வயதும் அதுதான், மொழியும் அதுதான், கடலும் அதுதான். வேலைக்குப் போனால் அவள் தைரியசாலி. பார்க்கப் போனால் பாதுகாப்பு இல்லாதவள். ஆக, இவர்கள் காப்பாற்றுவது அவளையல்ல; அவளுடைய நேரம் தங்கள் கையில் இருப்பதை.

நம் ஆற்றங்கரையிலிருந்து எவை எவையோ ஐரோப்பா போயிருக்கின்றன. 1876இல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்த பொருள்களை பெர்லினுக்கு எடுத்துப் போனார். மண்பாண்டத்திடம் யாரும் ‘கூட யாரு வாரா’ என்று கேட்கவில்லை. அங்கிருந்து இங்கே வந்த பெண்களையும் இந்த மாவட்டம் அறியும். டோனாவூரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1951இல் அங்கேயே இறந்த ஏமி கார்மைக்கேல் கல்யாணம் ஆகாதவர். வெள்ளைக்காரி தனியாகக் கடல் கடந்தால் தொண்டு, நம் வீட்டுப் பெண் கடந்தால் திமிரா?

சட்டம் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் பறித்ததற்கு எதிராக மேனகா காந்தி தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் உறுதிசெய்தது. ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும் அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் 2025இல்கூட, கணவரின் கையெழுத்து வேண்டும் என்று பாஸ்போர்ட் அலுவலகம் நிறுத்திவைத்ததால் ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கையெழுத்துக்கு அவர் எங்கே போவார்? மனைவி பாஸ்போர்ட் பெறக் கணவரின் அனுமதி தேவையில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஜூன் மாதம் தீர்ப்பளித்தார். அலுவலகத்துக்குத் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிடும். வீட்டுக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

லண்டன் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 1914 மார்ச்சில், வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் நேஷனல் கேலரிக்குள் நுழைந்து வெலாஸ்குவெஸின் வீனஸ் ஓவியத்தை வெட்டினார். தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட் கைதானதற்கு எதிர்ப்பு. அதைத் தொடர்ந்த நாட்களில், தனியாக வரும் பெண்ணுக்குப் பொறுப்பேற்று ஓர் ஆண் கடிதம் தந்தால்தான் உள்ளே விடுவோம் என்றது பிரிட்டிஷ் மியூசியம். ‘கூட யாரு வாரா’ என்ற நம் ஊர்க் கேள்விதான், ஆங்கிலத்தில். இன்று அதே மியூசியத்துக்குள் எந்தப் பெண்ணும் கடிதமும் கட்டணமும் இல்லாமல் நுழையலாம். நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2018 வரை ஆண்களின் சிலைகள் மட்டுமே நின்றன. அந்த ஆண்டுதான் மில்லிசென்ட் ஃபாசெட் வந்து சேர்ந்தார். அங்கேயும் பெண்கள் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

‘லண்டனெல்லாம் வசதியுள்ளவர்கள் கவலை. பீடி சுற்றுகிற பெண்ணுக்கு இது எதற்கு?’ என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குகிறார்கள். ஆண்கள் ஆற்றில் கிடக்கிறார்கள். பெண்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். குற்றால சீசனிலும் இதே கதை. முக்கூடலிலிருந்து காரையாறு ஆனாலும் பெருமாள்புரத்திலிருந்து லண்டன் ஆனாலும், பெண் போகுமிடத்துக்கு அடுப்பும் கூடவே போகிறது. 2021இல் கட்டணமில்லாப் பேருந்து வந்தபோது ‘ஓசி’ என்று சிரித்தவர்களுக்கு எரிச்சல் ஊட்டியது காசு அல்ல. வேலை ஒன்றும் இல்லாமலும் ஒரு பெண் பேருந்தில் ஏறலாமே என்பதுதான்.

ஆகவே திட்டமிடுவோம். திட்டமிடுகிறவர் கையில்தான் பயணம் இருக்கும். டிக்கெட்டை மகன் எடுத்து, தேதியைப் பேறுகாலம் குறித்து, ஊரைக் கணவர் தேர்ந்தெடுத்தால் அதில் நாம் சுமை தூக்குகிறவர்கள்.

பேறுகாலத்துக்குப் போகிற அம்மாக்களே, விமானம் ஏறும் முன் பேசி முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் உங்களுடையது. அன்றைக்கு மருமகன் சமைக்கட்டும், உங்கள் கணவர் தொட்டில் ஆட்டட்டும். பேருந்து அட்டையை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். மாடிப் பேருந்தில் மேலே ஏறி முன்வரிசையில் உட்காருங்கள். லண்டனை அதைவிட மலிவாகப் பார்க்க முடியாது. நேஷனல் கேலரியும் இலவசம்தான். வெட்டுப்பட்ட அந்த ஓவியம் செப்பனிடப்பட்டு அங்கேயே இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நம் பழைய மதராஸ் மாகாணத்து அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. வழி தவறினால் தவறட்டும். வீடு திரும்பத் தெரியாதவளா நீங்கள்?

மகள்களே, அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது பேறுகாலத்துக்கு வெளியே பதினைந்து நாள் சேர்த்துப் போடுங்கள். பெண்ணியம் படித்த நாமும் அம்மாவின் முதுகில்தான் வேலைக்குப் போகிறோம்.

கல்லூரியில் படிக்கும் தோழிகளே, திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. 18 வயதானவருக்கு 10 ஆண்டு செல்லும் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். கல்யாணப் பேச்சு தொடங்கும் முன் வாங்கி, உங்கள் அலமாரியில், உங்கள் சாவியில் வையுங்கள். எங்கே போவது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

பிள்ளை பெற்றுத் தர, நோய் பார்க்க, நேர்த்திக்கடன் கழிக்க என்று காரணம் சொல்லித்தான் இதுவரை வாசல் தாண்டினோம். இனிமேல் ‘எதுக்குப் போற?’ என்று கேட்டால் ‘பார்க்க’ என்ற ஒரு சொல் போதும்.