மைக்கூடும் மையும்

சில வருஷங்களாக நம் எழுத்தாள நண்பர்களின் வீடுகளில் ஒரு புதிய வழிபாடு நடந்துவருகிறது. புஸ்தக அலமாரியின் முன்வரிசையில் மர மைக்கூடு, கட்டைப் பேனா, மை ஒற்றும் கட்டை, பர்மா தேக்கில் செய்த கணக்குப்பிள்ளைப் பெட்டி. வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது இவைதான். சமீபத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

பழம்பொருள் சேகரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடைசல் பிடித்த ஆசாரியின் கை அதில் இருக்கிறது, அதை மதிக்கலாம். இந்தப் பொழுதுபோக்குக்கு இலக்கிய மரியாதை கேட்கும்போதுதான் தகராறு. "எத்தனை பேர் சிந்தனை ஊறிய மரம் இது" என்றார் ஒரு நண்பர், மைக்கூட்டைத் தடவியபடி. ஊறவில்லை. மரம் மையைக் குடித்துவிடும். அதனால் மர மைக்கூடுகளுக்குள் கண்ணாடிக் குப்பியோ பீங்கான் கிண்ணமோ பொருத்தினார்கள். மரம் வெறும் உறை. கை தவறி மை சிந்தியபோது பட்டிருந்தால் உண்டு.

மை ஊறியது காகிதத்தில். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை அது. மேல்நாட்டில் மாசிக்காயும் அன்னபேதியும். இரும்பும் அமிலமும் கலந்த இந்த மை, நாளாக ஆக, எழுத்து இருக்கும் இடத்திலேயே காகிதத்தை அரித்துவிடக்கூடியது. ஆகவே அவசரம் காகிதத்துக்குத்தான். கூடு காத்திருக்கும்.

காரைக்குடியில் ஒரு பழஞ்சாமான் கடையில் சாய்வு மூடி போட்ட பெட்டி ஒன்றைப் பார்த்தேன். மைக்கூட்டுக்கு இரண்டு குழி, பேனாவுக்கு ஒரு பள்ளம். உள்ளே ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். "ரெண்டு கட்டு நோட்டு இருந்துச்சுங்க. எடைக்குப் போட்டாச்சு. வாங்குறவங்க சுத்தமாக் கேக்குறாங்க" என்றார் கடைக்காரர். கணக்கா, கடிதமா, கவிதையா, அவர் பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். கேட்டதைக் கொடுத்தார். கேட்டவர்கள் நாம்.

அதே காரைக்குடிக்குப் பக்கத்தில், கோட்டையூரில், ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதியவர். அவரும் சேகரித்தார்: புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். நம் சிறுபத்திரிகைக்காரர்கள் யாரும் செய்யாத காரியத்தைப் பலகை எழுதுகிற ஒருவர் தனியாகச் செய்தார். அவர் வீட்டில் மைக்கூடு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மைக்கூட்டைத் தடவிய நண்பரிடமே வருகிறேன். நம்மோடு எழுதி, ஒரு தொகுப்புகூட வராமல் இறந்துபோன கவிஞர் ஒருவரின் நோட்டுகள் அவர் வீட்டுப் பரண்மேல் தகரப்பெட்டியில் கிடக்கின்றன. பௌண்டன் பேனாவில், நீல மையில் எழுதியவை. தண்ணீர் பட்டால் கரையும். பரணுக்கு மேலே ஓடு ஒழுகுகிறது. பிரதி எடுத்துத் தருகிறேன் என்று நாலு வருஷமாகக் கேட்கிறேன். "பார்க்கலாம்" என்கிறார். மைக்கூட்டைத் தினமும் துடைக்கிறார்.

அவர் எதையும் விற்கவேண்டாம், யாரிடமும் மன்னிப்பும் கேட்கவேண்டாம். ஐப்பசி மழைக்குமுன் அந்தப் பெட்டியை இறக்கட்டும். ஏணி நான் கொண்டுவருகிறேன்.