கட்டியைக் கண்டுபிடிச்சாச்சு, அப்புறம்?

ப்ராஜெக்ட் ரெவ்யூ அன்னைக்கு எந்தக் கிளாஸ் வாசல்ல நின்னாலும் ஒரு தலைப்பு காதில் விழும்: சி.என்.என். மூலம் நுரையீரல் புற்றுநோய் கண்டறிதல். டேட்டாசெட்டை டவுன்லோட் பண்ணி, மாடலை ட்ரெயின் பண்ணி, அக்யூரசி கிராஃப் காட்டினா முடிஞ்சுது.

கண்டுபிடிச்ச பிறகு அந்த நோயாளிக்கு என்ன நடக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு ஊர்ல இருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஜிப்மர் போறவங்க நம்ம பக்கம் உண்டு. நுரையீரல் கட்டிக்கு வழக்கமான ஒரு முறை 60 கிரே: தினம் 2 கிரே, வாரம் 5 நாள், மொத்தம் 6 வாரம். கதிர் வேலை செய்யுதான்னு நடுவுல எப்படித் தெரியும்? கட்டி சுருங்குறது பெரும்பாலும் மெதுவாத்தான் தெரியும்.

அதுக்கு முன்னாடியே ரத்த ஓட்டம் துப்பு கொடுக்கலாம். ஆக்ஸிஜன் கிடைக்காத செல்லைக் கொல்ல, கிட்டத்தட்ட 2.5 முதல் 3 மடங்கு கதிர் தேவை. எல்.எச். கிரேயும் அவரோட குழுவும் 1953-லேயே இதைப் பத்தி எழுதிட்டாங்க. கிரே அலகு அவர் பெயரால வந்ததுதான். அந்த ஆக்ஸிஜனைக் கொண்டு வர்றது ரத்தம்.

அதை அளக்க பெர்ஃபியூஷன் சி.டி. இருக்கு. அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசி வழியா வேகமா ஏத்தி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பாங்க. தமனியில் மருந்து ஏறி இறங்குற கர்வ் இன்புட். கட்டியில் வர்ற கர்வ் அவுட்புட். நடுவுல இருக்கிற சிஸ்டத்தைக் கண்டுபிடிக்கணும். ஆமாங்க, டீகன்வல்யூஷன்! 'இது எங்க பயன்படப் போகுது'ன்னு நாம திட்டின அதே சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்.

2007-ல இங்கிலாந்தின் மவுண்ட் வெர்னான் மருத்துவமனைக் குழு, சிகிச்சை நடந்துட்டிருக்கும்போதே 16 நுரையீரல் புற்றுநோயாளிகளை இப்படி ஸ்கேன் பண்ணி, கட்டிக்குள்ள ரத்த அளவு கூடுறதைக் காட்டினாங்க.

அப்புறம் ஏன் இது எல்லா இடத்திலும் இல்லை? மூச்சு விட்டா கட்டி நகரும். ஒவ்வொரு ஸ்கேனும் கூடுதல் கதிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கு கான்ட்ராஸ்ட் மருந்தை யோசிச்சுத்தான் தரணும். மருந்து விஷயத்தை டாக்டர்கள் பார்த்துக்கட்டும். நகர்வைத் திருத்துறதும், குறைந்த கதிர்ல எடுத்த படத்தோட இரைச்சலை நீக்குறதும் நம்ம வேலை இல்லையா?

ஜூனியர்களே, அடுத்த வருஷம் தலைப்பு எடுக்கும்போது இதுல ஒரு சின்னத் துண்டையாவது எடுங்க. அக்யூரசி குறைவா வரலாம், கைடு முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. 30 நாள் பஸ் ஏறுற ஒருத்தருக்கு, பத்தாவது நாளே பதில் கிடைக்கணும்.