காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் மட்டும்தான் தொழில் செய்தவரா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், ஆனால் இரண்டு நாள் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கட புங்குடுதீவைப் பற்றி வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் ஒரு மலர் அச்சிடப் போகிறார்கள். நல்ல முயற்சி. அதில் 'ஊரின் ஆரம்பகாலத் தொழில்களும் வணிகமும்' என்ற கட்டுரையைப் பிழைதிருத்தித் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். திருத்துவதற்கு எழுத்துப்பிழை அதிகம் இல்லை. பிழை கட்டுரையிலேயே இருக்கிறது. பக்கம் பக்கமாகக் கொழும்புக் கடைகளின் பெயரும் முதலாளிமாரின் படமும். கடைசியில் ஒரேயொரு வரி: "ஏனையோர் பனைசார் தொழில், கடற்றொழில் முதலிய கூலி வேலைகளில் ஈடுபட்டனர்."

அந்த 'ஏனையோர்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலாளிமாரை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கட கோயில் கோபுரங்களிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் அவர்களுடைய காசு இருக்கிறது. 1958இலும் 1977இலும் 1983 ஆடியிலும் எரிந்த கடைகளில் எங்கட ஆட்களின் கடைகளும் உண்டு. சாம்பலிலிருந்து திரும்பக் கடை போட்டவர்களை நானும் கண்டிருக்கிறேன். அவர்களுடைய படம் வரட்டும், பெரிதாகவே வரட்டும்.

ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வர்த்தகம் படிப்பித்தவன் நான். உற்பத்தி, போக்குவரத்து, களஞ்சியம், விற்பனை என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! இவற்றில் கடைசி ஒன்றை மட்டும் எழுதிவிட்டு 'இதுதான் வணிகம்' என்று ஒரு சாதாரண தரப் பிள்ளை விடை எழுதினால் எத்தனை புள்ளி போட்டிருப்பேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

தென்னிலங்கைச் சந்திகளில் எங்கட ஆட்கள் போட்ட கடைகளை ஒருகாலத்தில் சிங்களச் சனம் என்னவென்று சொன்னது? சுருட்டுக்கடை. பெயரிலேயே வரலாறு இருக்கிறது. அந்தச் சுருட்டு கொழும்பில் விளையவில்லை. வேலணையிலும் குடாநாட்டிலும் தோட்டக்காரர் புகையிலை நட்டார்கள். கடலில் ஒதுங்கும் சாதாளையை அள்ளிக் காயவைத்துப் பசளையாகப் போட்டார்கள். ஆட்டையும் மாட்டையும் பட்டியடைத்து நிலத்தை உரமாக்கினார்கள். துலா மிதித்து இறைத்தார்கள். பிறகு இலையை வெட்டி, உணர்த்தி, புகையூட்டி, பாணி போட்டுப் பதப்படுத்தினார்கள். கொட்டிலில் குந்தியிருந்து நாள் முழுக்கச் சுருட்டுச் சுற்றினார்கள். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் இருந்த சந்தை தீர்வையால் சுருங்கியபோது, தெற்கே விற்ற சுருட்டுத்தான் கைகொடுத்தது. இத்தனை கை பட்டு வந்த பண்டத்தை விற்றவருக்குப் படம், செய்தவருக்கு 'ஏனையோர்'. இது எந்தக் கணக்கு?

பனையைப் பாருங்கள். பனைக்கு 801 பயன் என்று தாலவிலாசத்தைச் சொல்லி மேடையில் கைதட்டு வாங்குவோம். அந்த மரத்தில் ஏறினவரின் பெயரை யாராவது சொன்னோமா? சீவல் தொழிலாளி காலையிலும் மாலையிலும் ஏறி இறங்க வேணும். ஒரு மரம் இரண்டு மரம் இல்லை. பாளையை எவ்வளவு சீவுவது, முட்டிக்குள் எவ்வளவு சுண்ணாம்பு தடவுவது என்பது கைக்கணக்கு. சுண்ணாம்பு குறைந்தால் கருப்பநீர் புளித்துக் கள்ளாகிப் போகும். கூடினால் பனங்கட்டியின் ருசி கெடும். இதைக் 'கூலி வேலை' என்று எழுதுகிறவர் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும்.

இறக்கின கருப்பநீரைக் காய்ச்சினது பெண்கள். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுக்க வீண். பனம்பழத்தைப் பிசைந்து பாயில் ஊற்றி, காய்ந்த படையின் மேல் அடுத்த படை ஊற்றிப் பனாட்டுப் போட்டதும் பெண்கள். விதையைப் பாத்தியில் புதைத்துக் கிழங்கு கிண்டி, கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழுதாகாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய பண்டங்கள் இவை. களஞ்சியப்படுத்தல் என்றால் என்னவென்று புத்தகம் எழுதினவனுக்கு முன்பே எங்கட கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது.

என்னுடைய அம்மா பனங்கட்டிக் குட்டான் இழைத்தவ. கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி எல்லாம் இழைப்பா. ஊர்க் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் காசு வராது. தேயிலை, சீனி, மண்ணெண்ணெய் தருவார்கள், மிச்சத்தைக் கொப்பியில் பதிவார்கள். அந்தக் கொப்பியை நான் சின்னப் பெடியனாகக் கண்டிருக்கிறேன். அதில் அம்மாவின் பெயர் கடன்காரர் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அவ இழைத்துக் கொடுத்த சாமானுக்கு அந்தக் கொப்பியில் பக்கமே இல்லை. இன்று மலர் போடுகிறவர்கள் அதே கொப்பியைத்தான் திரும்ப எழுதுகிறார்கள்.

கடலுக்கு வருவோம். தாம்போதிகள் வருமுன் எங்கட தீவுகளுக்கு எந்தப் பண்டம் வந்தாலும் போனாலும் வத்தையிலும் தோணியிலும்தான். ஊர்காவற்றுறை ஒல்லாந்தர் காலத்தில் யானை ஏற்றின துறை. பிற்காலத்தில் பனைமரமும் புகையிலையும் போக, அக்கரையிலிருந்து அரிசியும் துணியும் ஓடும் வந்தன. வாடை எப்போது விழும், சோளகம் எப்போது எழும்பும் என்று பார்த்துப் பாய் கட்டின தண்டையல்மார் இல்லாவிட்டால் எந்த முதலாளி எந்தச் சரக்கை விற்றிருப்பார்? மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுத்தார்கள். அது வங்காளத்துக்குப் போய்ப் பெண்களின் கைவளையானது. கடலட்டையை அவித்துக் காயவைத்துக் கடல்கடந்து அனுப்பினார்கள். ஏற்றுமதி வர்த்தகம் என்று நான் படிப்பித்தது இதைத்தானே!

அதற்கும் முந்தினது சாயவேர். மணல்தரையில் தானாக முளைக்கும் செடி. அதன் வேரைக் கிண்டியெடுத்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். ஒல்லாந்தர் அதைத் தங்கள் தனியுரிமையாகவே வைத்திருந்தார்கள். 1869இல் ஐரோப்பாவில் செயற்கைச் சாயத்துக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அதோடு உலகம் முழுக்க வேர்ச்சாயத்தின் காலம் முடிந்தது. குனிந்து குனிந்து வேர் கிண்டின அந்தச் சனத்தின் ஒரு பெயராவது எங்களிடம் இருக்கிறதா? இல்லை. இனி கிடைக்கப்போவதும் இல்லை. பதியாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும்.

ஒன்று: "மாஸ்ரர், சாதியைக் கிளறாதேங்கோ." கிளறுகிறது நானா? மரம் ஏறினவரையும் கடலுக்குப் போனவரையும் தோணி செய்த தச்சரையும் சலவை செய்தவரையும் ஒரு வரிக்குள் தள்ளியது நானா? பெயரை எழுதச் சொல்வது கிளறல் என்றால், பெயரை விட்டதற்கு என்ன பெயர்?

இரண்டு: "ஆதாரம் இல்லை." முதலாளிமாரின் கதைகளுக்கு என்ன ஆதாரம் வைத்தீர்கள்? பேரப்பிள்ளைகள் ரெலிபோனில் சொன்னதுதானே! அதே ரெலிபோனை மற்ற வீடுகளுக்கும் எடுங்கோ. பழைய காணி உறுதிகளில் பனையும் வடலியும் கிணற்றுப் பங்கும் எழுதியிருக்கும். 1991 இடப்பெயர்வில் எத்தனையோ கடதாசி அழிந்தது உண்மை. ஆனால் ஞாபகம் உள்ள ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த மலர் வரும்போது இருக்க மாட்டார்கள்.

மூன்று: "பழசைக் கிண்டி என்ன பிரயோசனம்?" இருக்கிறது. இன்று தீவகக் கடலைக் கடலட்டைப் பண்ணைக்கு என்று அடைத்துக் கொடுக்கும்போது, சிறகுவலைக்காரர் "இது நாங்கள் பரம்பரையாகத் தொழில் செய்த இடம்" என்கிறார்கள். அதிகாரி "எழுத்தில் காட்டு" என்று கேட்டால் எதைக் காட்டுவது? ஊரின் சொந்த மலரே அவர்களைக் கூலிகள் என்று எழுதியிருந்தால், எதிராளிக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் எங்களைத் 'தீவான்' என்று இளக்காரமாகச் சொன்னபோது எங்களுக்கு எப்படி நொந்தது! எங்களுக்குள்ளேயே ஒரு பகுதியைத் தீவான்களாக்கலாமா?

மலர்க் குழுவிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். அந்த ஒற்றை வரியை எடுங்கள். பன்னிரண்டு வட்டாரத்திலும் வட்டாரத்துக்கு இரண்டு பெடியளை அனுப்பி, சீவல், இழைப்பு, சுருட்டு, தோணி, வலை, சங்கு, தச்சு என்று தொழில் தொழிலாகப் பெயர் திரட்டுங்கள். அதற்காக அச்சை மூன்று மாதம் பிந்துங்கள். மலர் பிந்தி வந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அந்த வேலைக்குப் பேனையோடு நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இதைச் செய்யாமல் அச்சடித்தால், பிழைதிருத்தியவர் என்று என்னுடைய பெயரைப் போட வேண்டாம்.

இதை வாசிக்கிறவர்கள் கீழே உங்கள் அப்பு, ஆச்சி என்ன தொழில் செய்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வெட்கப்படாமல் எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்: என்னுடைய அம்மா குட்டான் இழைத்தவ.