பிள்ளையின் தோழர் யார்?



பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்படி பெற்றோர் கேட்கும் விண்ணப்பங்களில் தேர்வும் மதிப்பெண்ணும் கல்லூரி இடமுமே முன்நிற்கின்றன. "என் பிள்ளைக்கு ஒரு நல்ல தோழன் கிடைக்கும்படி ஜெபியுங்கள்" என்ற விண்ணப்பம் அரிது. நண்பர்கள் என்றவுடன் கெட்ட சகவாசம் என்ற அச்சமே நம் வீடுகளில் முந்திக்கொள்கிறது. ஆயினும் பெற்றோரும் ஆசிரியரும் தர இயலாத ஒன்றைச் சம வயதுத் தோழர்கள் தருகின்றனர்.

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே, சிறுவர்கள் கோலி விளையாடுவதைக் கூர்ந்து கவனித்து, பிள்ளைகளின் நீதியுணர்வைக் குறித்து 1932-இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு பிள்ளைகள் விளையாட்டின் விதிகளைப் பெரியோர் வகுத்த, மாற்றலாகாத கட்டளைகளாக எண்ணினர். பத்து, பன்னிரண்டு வயதை எட்டியவர்களோ, எல்லாரும் இசைந்தால் விதியை மாற்றலாம் என்றும், இசைந்தபின் அதை மீறலாகாது என்றும் அறிந்திருந்தனர். சமமானவர்களிடையே பிறக்கும் பரஸ்பர மரியாதையே இம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணம் என்பது அவர் முடிவு. தந்தையிடம் பிள்ளை கீழ்ப்படியக் கற்கிறது; விட்டுக்கொடுக்கவும், சண்டையிட்டபின் தானே சென்று ஒப்புரவாகவும் தோழனிடமே கற்கிறது.

தோழமையின் வலிமைக்கு நெஞ்சை உருக்கும் சான்று ஒன்று உண்டு. 1945-இல், நாத்சிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு யூதப் பிள்ளைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். வயது ஏறத்தாழ மூன்று, பெற்றோர் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களைக் குறித்து அன்னா பிராய்டும் சோஃபி டானும் 1951-இல் எழுதினர். தொடக்கத்தில் அப்பிள்ளைகள் பெரியவர்களை அடித்தனர், கடித்தனர். ஆனால் தங்களுக்குள் ஒருவரையொருவர் பிரிய மறுத்தனர். உணவு வேளையில் தாங்கள் உண்பதைவிட அருகிலிருப்பவருக்குக் கொடுப்பதையே பெரிதாக எண்ணினர். தோழமை பெற்றோருக்கு ஈடாகும் என்று இதனால் கொள்ள வேண்டா. எல்லாம் பறிக்கப்பட்ட இடத்திலும் அன்புகூரும் திறனை அது அணையாமல் காத்தது.

அப்படியானால் தீய தோழமையால் கெட்டவர்கள் இல்லையா? உண்டு. ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபரின் சொல்லைக் கேட்டுப் பத்துக் கோத்திரங்களை இழந்தான் (1 இராஜாக்கள் 12). ஆனால் அந்தத் தோழர்கள் யார்? அரசனுக்கு முன்பாக நின்றவர்கள். ஜனங்களின் நுகத்தைத் தோளில் சுமந்த ஒருவனும் அவர்களிடையே இருந்ததாகத் தெரியவில்லை. தன்னைப் போன்றவர்களோடு மட்டுமே வளர்ந்தவனுக்குப் பிறருடைய வலி விளங்கவில்லை.

யோனத்தானோ, இளவரசனாயிருந்தும், ஆடு மேய்த்த தாவீதைத் தோழனாக்கிக்கொண்டான். தன் சால்வையையும் வில்லையும் அவனுக்குக் கொடுத்தான் (1 சாமுவேல் 18). சவுல் அதைப் பொறுக்கவில்லை. மகனின் நட்பைத் தகப்பன் சிங்காசனத்தைக் கொண்டு அளந்தான்.

சவுலின் அளவுகோல் நம் வீடுகளிலும் இருக்கிறது. "அவன் என்ன ரேங்க்?" "அவன் அப்பாவுக்கு என்ன வேலை?" "எந்தத் தெரு?" இந்தக் கடைசிக் கேள்வி உண்மையில் சாதியைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், நம் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் விளையாடுவதைத் தடுத்தால், ஞாயிறு பள்ளியில் கற்பித்த பாடத்தை வீட்டு வாசலிலேயே அழிக்கிறோம்.

ஆகவே இவ்வாரம் டியூஷன் இல்லாத ஒரு மாலைப்பொழுதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் கூடி விளையாடட்டும். சிறு பிணக்குகளுக்கெல்லாம் நடுவராக ஓடாதீர்கள். ஒரு பிள்ளை மற்றொன்றை வதைத்தால் மட்டும் தாமதமின்றித் தலையிடுங்கள்.

மேலும், ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் தனித்து நிற்கும் ஒரு பிள்ளையைக் கண்டிருப்பீர்கள். அதன் பெயரை உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். தெரியாது என்றால், அடுத்த ஞாயிறு கேட்டறிந்து வரச் சொல்லுங்கள். பின்பு அப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து, உங்கள் பிள்ளைகளோடு பந்தியில் அமர்த்துங்கள்.

நம் பிள்ளைகளுக்கு யோனத்தானைப் போன்ற தோழர்களைக் கர்த்தர் தருவாராக. அவர்களையும் பிறருக்கு அப்படிப்பட்ட தோழர்களாக்குவாராக. ஆமென்.