தாடை ஆபரேஷன் செய்தால் மூட்டுவலி போய்விடுமா?

தீபத்துக்குச் செய்த பொரி உருண்டையைக் கடிக்கும்போது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். கொட்டாவி விட்டால் சுருக்கென்று வலி. உடனே யாராவது சொல்வார்கள்: "பல்வரிசை சரியில்ல, தாடையை ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்." அது அவ்வளவு நிச்சயமா?

தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு. அது இடம் விலகித் திரும்பும்போதுதான் பெரும்பாலும் அந்த 'டக்'. வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாக சிகிச்சையே வேண்டாம்.

தாடை சீரமைப்பு வேறு விஷயம். கீழ்த்தாடையை வாய்க்கு உள்ளிருந்தே பிளந்து நகர்த்தும் முறையை ட்ரவுனர், ஒப்வேகேசர் என்ற இரு மருத்துவர்கள் 1957-ல் ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார்கள். இன்றும் அதன் திருத்திய வடிவங்கள்தான். பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பல்லில் கம்பி, பிறகு ஆபரேஷன், டைட்டானியம் தகடு, திருகு. கீழுதடு மரத்துப்போகும் ஆபத்தும் உண்டு.

மெல்லவே சிரமப்படும் அளவு தாடை முன்னே பின்னே இருப்பவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் மூட்டு? பலருக்கு வலி குறைகிறது. சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்கு அதிகமாகிறது. முன்பு தொந்தரவே இல்லாத சிலருக்குப் புதிதாக வருவதும் உண்டு. அரிதாக மூட்டு எலும்பின் முனை தேய்ந்து, தாடை மறுபடி பின்னால் போய்விடுகிறது. யாருக்கு எது என்று உறுதியாக முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை.

லாபம் நிச்சயமில்லை, போட்ட முதலையும் திரும்ப எடுக்க முடியாது என்றால் காமர்ஸ் படிப்பவர் என்ன சொல்வார்? செலவு குறைந்த வழியை முதலில் பார் என்பார். மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது: மிருதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, வலி மாத்திரை, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை. பெரும்பாலோருக்கு இதிலேயே குறைந்துவிடும். வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி சுமார் 190 கிலோமீட்டர். கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் பஸ் ஏறிப்போய் இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்பது வீண் செலவல்ல. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த ஆபரேஷன் தாடைக்கா, மூட்டுவலிக்கா?" வலிக்கு மட்டும்தான் என்றால்... அவசரப்பட வேண்டாம் நண்பர்களே.