நாயின்மேல் ஏற்றிய பழி

மோட்டார் சைக்கிளோடு விழுந்தவரைக் காரணம் வினவினால் பலரும் ஒரு நாயைக் காட்டுவர். நாய் அகப்படாதவர் மணலைக் காட்டுவர். தம் கையைக் காட்டுவார் அரியர். இவ்வழக்கம் நகைப்பிற்குரியதேயாயினும் தீங்கு பயப்பது என்பது எம் கருத்து. விழுந்த காரணத்தை மறைத்தவன் மீண்டும் வண்டியில் ஏறலாம்; அச்சம் நீங்கி ஓட்டுதல் அரிது. இதனைப் பிறர்மேல் வைத்துக் கூறவேண்டுவதில்லை. யாமே அங்ஙனம் மறைத்தவர்தாம்.

சென்ற ஆடித் திங்களில் எம் சித்தப்பாவின் புல்லட் வண்டியை இரவல் பெற்றுக் கல்லூரிக்கு வந்தோம். எட்டுப் போட்டு உரிமம் பெற்று மூன்று திங்களே ஆகியிருந்தன. வண்டியின் எடை ஏறக்குறைய 190 கிலோ. எம் எடை அதில் மூன்றிலொரு பங்கும் இராது. வாயிலில் இடப்பக்கம் திரும்புகையில் எதிரே மாணவர் குழாம் நிற்கக் கண்டு, வலக்கையால் முன் பிரேக்கை இறுகப் பற்றினோம். அப்பொழுது வேகம், நடப்பவன் வேகமே. படுக்கும் யானைபோல் வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. முழங்கையிற் சிராய்ப்பு, பக்கக் கண்ணாடி தூள். “விழுப்புண் பெற்ற வீரரே, வருக!” என்றார் எம் வகுப்புத் தோழர் ஒருவர். அச்சொல் விழுந்த புண்ணைக் குறிப்பதன்று, சிறந்த புண்ணையே குறிக்கும் என்று அவருக்கு விளக்கும் நிலையில் யாம் அப்போது இல்லை. எழுந்த சிரிப்பு மட்டும் இன்றும் செவியில் உள்ளது. வீட்டிற்குச் செல்லுமுன்னரே நாய் ஒன்றைப் படைத்துக்கொண்டோம்.

“உடனே ஏறி ஓட்டு, பாரி ஷீனைப் பார்” என்று தேற்றினர் சிலர். அவ்வாங்கிலேய வீரர் 1975இல் டேடோனாவில் பின்சக்கர டயர் சிதைந்து விழுந்து, தொடையெலும்பும் விலாவெலும்பும் முறிந்தும், சில வாரங்களிலேயே பந்தயத்திற்குத் திரும்பி, 1976, 1977 ஆகிய ஈராண்டும் உலகப் பட்டம் வென்றார் என்பது உண்மையே. ஆயினும் அவர் கதை எமக்கு எவ்வாறு பொருந்தும்? அவரை வீழ்த்தியது டயர். எம்மை வீழ்த்தியது எம் கை. அதே கையோடு மீண்டும் ஏறினால் மீண்டும் விழுவோம் என்பதை எம் உள்ளம் அறிந்திருந்தது. ஆகவே மழை என்றும் பெட்ரோல் விலை என்றும் சொல்லிப் பேருந்திலேயே சென்றுவந்தோம்.

ஓரிரவு பாட்டியாருக்கு மூச்சுத் திணறியது, மருந்து தீர்ந்திருந்தது. சித்தப்பா ஊரில் இல்லை. சாவி எம் கையில் இருந்தது. வண்டியின் அருகு வரை சென்று, நின்று, திரும்பி வந்தோம். எம் தங்கை ஒன்றும் பேசாமல் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு இருளிற் சென்று வாங்கிவந்தாள். பாட்டியார் பிழைத்தார். தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எமக்கு இயலவில்லை.

சித்தப்பா திரும்பிய அன்றே உள்ளதைச் சொன்னோம். “தெரியும், தம்பி. ஓடுகிற வண்டி விழுந்தால் நெடுகத் தேய்ந்திருக்கும். இதில் கிளட்ச் நுனியிலும் கால்மிதியிலும் மட்டுந்தான் அடி. நின்று விழுந்த வண்டி இது. நீயே சொல்லட்டும் என்றிருந்தேன்” என்றார். பின்பு, “தலை தரையிற் பட்டதா?” என்றார். பட்டது என்றோம். உடனே அத்தலைக்கவசத்தை வாங்கி அப்பால் வைத்துவிட்டார். அதன் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பொருள் ஒருமுறை நசுங்கி அடியைத் தாங்கும். மறுமுறை அவ்வாறு தாங்காதாம். அந்தப் பொய்யினால், பயனற்றதாயிருக்கக்கூடிய கவசத்தை இன்னும் எத்தனை நாள் அணிந்திருப்போமோ!

அடுத்த ஞாயிறு மாலை வெறுந்திடல் ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். முதற்பாடம் ஓட்டுதலன்று, தூக்குதல். பழைய சாக்குகளின்மேல் வண்டியைச் சாய்த்து வைத்தார். எஞ்சினை அணைத்து, உருளாதபடி முதற் கியரில் இட்டு, இருக்கைக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையாற் கைப்பிடியையும் மறுகையாற் பின்சட்டத்தையும் பற்றி, கால்களை ஊன்றிப் பின்னோக்கிச் சிற்றடி வைத்தால், முதுகெலும்பு நோவாமல் வண்டி எழுகின்றது. அதனை எம்மால் எழுப்பக்கூடும் என்று கண்ட கணத்திலேயே அச்சத்திற் பாதி போயிற்று.

மறுபாதி போகக் காரணம் விளங்கவேண்டியிருந்தது. கைப்பிடி திரும்பியிருக்கையில் மெதுவாகச் செல்லும் வண்டியின் முன் பிரேக்கை இறுக்கினால், பாரம் முன்னே பாய்ந்து, திரும்பிய பக்கமே வண்டி கவிழும். மணல் அதற்குத் துணைசெய்யும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்குமேயன்றிச் சாயும் வண்டியை நிமிர்த்தாது. ஆதலின் மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கை விடுத்து, வலக்காலாற் பின் பிரேக்கை இலேசாக மிதித்து, கிளட்சைப் பாதி விட்டு, போகவேண்டிய இடத்தை நோக்கவேண்டும். மணலை நோக்கினால் மணலுக்கே செல்வோம். இதனை இருள் சூழுமளவும் பழகினோம். இருமுறை சாய்ந்தது, இருமுறையும் யாமே தூக்கினோம்.

தோழர்காள்! வாயிலில் நின்று சிரித்தவர்களை யாம் வெறுக்கவில்லை; அன்று பிறர் விழுந்திருந்தால் யாமும் சிரித்திருப்போம். ஆனால் அச்சிரிப்புக்கு அஞ்சியே நாய்கள் பிறக்கின்றன. இவ்வாண்டு மாணவியர் பலரும் வண்டி பழகி வருகின்றனர். அவருள் ஒருவர் சாயும்போது, நகைக்குமுன் ஓடிச்சென்று எஞ்சினை அணைக்க ஒருவரேனும் முன்வரலாகாதா?

தங்கையைப் பின்னிருத்திக்கொண்டு சென்ற வாரம் அவ்வாயிலிலேயே திரும்பினோம். மணல் இன்னும் அங்கேயே கிடக்கின்றது. “அந்த நாய் எங்கே, அண்ணா?” என்றாள்.